மூச்சு வாங்கும் வரலாறு

சிதம்பரத்தில் குடியிருப்பவனுக்கு நடைப்பயிற்சிக்கென்று தனியாக ஒரு பூங்கா தேவையில்லை. கீழ வீதி, தெற்கு வீதி, மேல வீதி, வடக்கு வீதி என்று தேர் ஓடுகிற அகலத்துக்கு நாலு வீதியைக் கோயிலைச் சுற்றிப் போட்டு வைத்திருக்கிறார்கள். காலையில் ஒரு சுற்று வந்தால் உடம்புக்கு நடை, ஆத்மாவுக்குப் பிரதட்சிணம். எட்டு வருஷமாக நானும் ஐந்தரை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறேன். கிளம்புவதில் ஒரு நாளும் குறை வைத்ததில்லை. கீழ வீதியில் தொடங்கி, தெற்கு வீதிக்குத் திரும்பினால் பாதியில் ஒரு டீக்கடை. அங்கே பெஞ்சில் நாற்பது நிமிஷம். பேப்பர், ஒரு டீ, அரசியல், இன்னொரு டீ. பிறகு வீடு. நாலில் ஒன்றரை வீதி. அதையும் போன வழியே திரும்பி நடப்பதால், பிரதட்சிணம் அப்பிரதட்சிணத்தில் கழிந்துபோய்ப் புண்ணியக் கணக்கிலும் மிச்சம் எதுவும் இல்லை.

இதற்கு எங்கள் வீட்டில் "அப்பா வாக்கிங் போயிருக்கார்" என்று பெயர்.

அந்தப் பெயர் கொடுத்த தைரியத்தில்தான் ஒரு ஆடி மாத ராத்திரி, சாப்பிட்டுக் கை கழுவி வந்து, குடும்பத்தைக் கூட்டிவைத்து அறிவித்தேன்: "ஒரு நாள் முழுக்க எல்லாரும் சேர்ந்து நடக்கறோம். கடல்ல ஆரம்பிச்சு மலையில முடிக்கறோம்."

"கடலூர்ல ஏது மாமா மலை?" என்றான் மச்சினன். அவனுக்கு நெய்வேலியில் ஜாகை.

தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் கிளம்பி, மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் வழியாகத் திருவந்திபுரம். அங்கே தேவநாத சுவாமி கோயிலுக்கு எதிரே ஔஷதகிரி, உச்சியில் ஹயக்ரீவர் சன்னதி. அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது உதிர்ந்த துண்டு என்று ஐதீகம். 74 படி. மொத்தம் பத்து கிலோமீட்டர் சொச்சம். கேட்டுவிட்டு அவன் சிரித்தான். "எங்க ஊர்ல சுரங்கத்து மண்ணக் கொட்டி வச்சிருக்கற மேடு இதவிட ஒசரம் மாமா."

மாமியார் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கு எழுபத்தொரு வயது. பிறந்து வளர்ந்தது கடலூர் வண்டிப்பாளையம். நான் அவர் முகத்தைப் பார்த்து, "அத்தை, உங்களால முடியலன்னா நடுவுல ஆட்டோ புடிச்சிக்கலாம்" என்றேன். அந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மறக்கமாட்டேன் என்கிறது.

நாள் குறித்தவனும் நான்தான். மகளுக்கு டியூஷன் இல்லாத ஞாயிறு, மச்சினனுக்கு ஷிப்ட் இல்லாத ஞாயிறு என்று பார்த்துப் பார்த்து ஒரு தேதியைப் பிடித்தேன். காலண்டரில் அந்தத் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்ததைப் படிக்கவில்லை. ஆவணி முதல் முகூர்த்தம். திருவந்திபுரத்தில் ஆவணி முகூர்த்தம் என்றால் என்ன என்று இந்த ஜில்லாவில் சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

முதல் பஸ்ஸைப் பிடித்தோம். மனைவி நாலு மணிக்கே எழுந்து புளிசாதமும் தயிர்சாதமும் கட்டியிருந்தாள், மாவடு தனி டப்பாவில். அந்தத் தூக்குப் பையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை நானே கேட்டு வாங்கினேன். பத்திரமாக இருக்கட்டும் என்று தலைக்கு மேலே உள்ள கம்பியில் வைத்தேன். பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டும்வரை நாலு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டேன். கடலூரில் இறங்கும்போதுதான் பார்க்கவில்லை.

இது தெரிந்தது கடற்கரையில் போய் உட்கார்ந்து, "ஒரு வாய் சாப்டுட்டு நடக்கலாமா?" என்று மகள் கேட்டபோது. யாரும் திட்டவில்லை. மனைவி கடலைப் பார்த்தாள். கடல் வெகு நேரம் பார்க்கத் தக்கதாக இருந்தது.

நடைக்கென்று புது ஷூ வாங்கியிருந்தேன். புது ஷூ போட்டுக்கொண்டு மணலில் நடக்கக் கூடாது என்று விலை அட்டையில் எங்காவது எழுதியிருக்கலாம். கால் மணி நேரத்தில் ஷூவுக்குள் ஒரு பிடி வெள்ளிக் கடற்கரை இருந்தது. அரை மணியில் இடது குதிகாலில் கொப்புளம். மாமியார் தேய்ந்த ரப்பர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஈர மணலின் ஓரமாக, யாரோ முன்னால் நின்று கூப்பிடுவதுபோல் போய்க்கொண்டிருந்தார்.

சுனாமி நினைவிடத்தின் அருகில் மட்டும் நின்றார். 2004 டிசம்பர் 26 அன்று அடிபட்ட ஊர் தேவனாம்பட்டினம். அங்கே அவர் யாரையோ பெயர் சொல்லி முணுமுணுத்தார். நாங்கள் பக்கத்தில் நின்றோம். நானும் வாயைத் திறக்கவில்லை. அன்று முழுக்க நான் செய்த சரியான காரியம் அது ஒன்றுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அதைத் தாண்டிக் கெடிலம் முகத்துவாரப் பக்கம் வந்ததும் எனக்கு மூச்சு முட்டியது. நிற்க வேண்டும். ஆனால் எழுபத்தொரு வயதுப் பெண்மணி நிற்காதபோது, தினமும் நாலு வீதி சுற்றுகிறவன் எப்படி நிற்பது? கையை நீட்டினேன். "அதோ, அந்தப் பக்கம்தான் செயின்ட் டேவிட் கோட்டை."

எல்லோரும் நின்றார்கள். கண்டுகொண்டேன். வரலாறு சொன்னால் நிற்பார்கள்.

1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியர்களிடமிருந்து இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு நிலம் எவ்வளவு என்பதற்கு ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரமான அளவு: பீரங்கியால் சுட்டால் குண்டு போய் விழும் தூரம் வரை. நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த ஊரெல்லாம் கம்பெனிக்குப் போயிற்று. இன்றும் குண்டு உப்பலவாடி என்று ஊர் இருக்கிறது, குண்டு சாலை என்று சாலை இருக்கிறது. இதைச் சொல்வதற்குள் எனக்குப் பாதி மூச்சு திரும்பிவிட்டது. இன்னும் பாதி வேண்டியிருந்ததால் கதையை நீட்டினேன்: "பீரங்கிக்குத் திரி வச்சது யாரு தெரியுமா? ராபர்ட் கிளைவ்!"

மகள் போனைத் தட்டினாள். "கிளைவ் பொறந்தது 1725-லப்பா."

"அதனால என்ன?"

"பொறக்கறதுக்கு முப்பத்தஞ்சு வருஷம் முன்னாடியே வந்து சுட்டுட்டுப் போயிட்டாரா?"

கிளைவ் இங்கே வந்தது 1746-இல். சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது, அங்கிருந்து மாறுவேஷத்தில் தப்பி இந்தக் கோட்டைக்கு வந்து சேர்ந்தார். சில வருஷம் சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயர்களுக்கு இதுதான் தலைமையிடம். பிறகு 1756-இல் கிளைவே இதற்குக் கவர்னர் ஆனார். 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்து இடித்துத் தள்ளிவிட்டார். இதையெல்லாம் மகள்தான் வாசித்தாள். நான் தலையாட்டிக்கொண்டே மீதி மூச்சையும் வாங்கி முடித்தேன். குண்டு போகும் தூரத்துக்குப் பதிலாக என் கால் போகும் தூரம் என்று எழுதியிருந்தால் கம்பெனி தேவனாம்பட்டினத்தோடு நின்றிருக்கும். இந்தியாவுக்கும் நல்லதாகப் போயிருக்கும்.

மஞ்சக்குப்பத்தில் இட்லி சாப்பிட்டோம். கொத்சு கேட்டேன். சாம்பார்தான் இருந்தது. சிதம்பரத்துக்காரன் வெளியூரில் கொத்சு கேட்பது ஒரு வியாதி. அதை இங்கே ஒப்புக்கொள்ள இடம் போதாது.

கெடிலத்தைப் பாலத்தில் கடந்து திருப்பாதிரிப்புலியூர். பாடலீசுவரர் கோயில் கோபுரத்தைக் கண்டதும் எனக்குப் பக்தியும் களைப்பும் ஒன்றாக வந்தன. அப்பரைப் பிடித்தேன். பல்லவ மன்னன் அவரைக் கல்லோடு கட்டிக் கடலில் போட்டதும், கல்லே தெப்பமாகி மிதந்ததும், அவர் கரையேறி இந்தத் தலத்துக்கு வந்ததும் பெரியபுராணம் படித்தவர்களுக்குத் தெரிந்த கதை. அவர் கரையேறிய இடத்துக்குப் பெயரே கரையேறவிட்டகுப்பம். உலகத்தில் வேறெந்த ஊருக்காவது ஒரு முழு வாக்கியம் பெயராக இருக்கிறதா என்று நான் கேட்டபோது, என் குரல் உணர்ச்சியால் தழுதழுத்ததாக நினைத்துக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

"அம்மா, கவனிச்சியா?" என்றாள் மகள். "அப்பாவுக்கு மூச்சு வாங்கினா வரலாறு வருது."

அதற்குப் பிறகு நான் எந்தக் கோபுரத்தை நோக்கிக் கை நீட்டினாலும், "உட்காருங்க மாமா, அப்புறம் சொல்லலாம்" என்று மச்சினன் நிழல் தேட ஆரம்பித்துவிட்டான். கல்லைக் கட்டிப் போட்டும் மிதந்தவர் அப்பர். கல்லே கட்டாமல் தார் ரோட்டில் முழுகிக்கொண்டிருந்தேன் நான்.

அடுத்தது வழி. போனில் மேப் இருக்கிறதென்று நான் முன்னால் நடந்தேன். வண்டிப்பாளையத்தைத் தாண்டி ஓர் இடத்தில் மேப் இடது பக்கம் என்றது. அல்லது அது நேராகச் சொல்லி, நான் போனைத் திருப்பிப் பிடித்திருந்தேன். சாலை ஏறியது. மண் செம்மண்ணாக மாறியது. இரண்டு பக்கமும் முந்திரி. தானே புயல் 2011 டிசம்பரில் இந்தப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்துப்போட்ட பிறகு வைத்த மரங்களோ என்னவோ, எல்லாம் இளசாக நின்றன. கேப்பர் மலை. கேப்பர் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் பெயரால் வந்த மலை. மலை என்று சொல்வது நம் தாராள மனசு. செம்மண் மேடு. ஆனால் மதியம் பதினொரு மணிக்குக் கையில் ஷூவோடு ஏறுகிறவனுக்கு அது மலைதான். எந்தப் பூகோளப் புத்தகத்தோடும் வாதிடத் தயார்.

ஓர் உயரமான மதில் தெரிந்தது. பெரிய இரும்புக் கதவு, பூட்டு. எனக்கு மெய்சிலிர்த்தது. "இங்கதான்..." என்று நின்றேன். 1918 நவம்பரில், புதுச்சேரியிலிருந்து பத்து வருஷம் கழித்து பிரிட்டிஷ் எல்லைக்குள் கால் வைத்ததும் பாரதியைப் பிடித்தார்கள். டிசம்பர் 14 வரை கடலூர் சிறையில் வைத்திருந்தார்கள். அந்தச் சிறை இருப்பது இந்தக் கேப்பர் மலையில். இம்முறை வருஷம் சரி, மாதம் சரி, தேதி சரி. மகள் போனில் பார்த்து, "கரெக்டுப்பா" என்றே சொல்லிவிட்டாள். நான் செருப்பில்லாத காலோடு அந்தக் கதவுக்கு முன்னால் கைகூப்பி நின்றேன். கண்ணில் நிஜமாகவே நீர்.

மாமியார் மெதுவாகச் சொன்னார்: "மாப்ள, அது ரைஸ் மில்லு. மூடி ரொம்ப நாளாச்சு. ஜெயிலு அந்தப் பக்கம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "அத்தை, அப்போ உங்களுக்கு வழி தெரியுமா?"

"பொறந்த ஊரு மாப்ள, தெரியாம எப்புடி? திருவந்திபுரத்துக்குக் கீழயே நேராப் போயிருக்கணும்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க முன்னாடி போறப்ப குறுக்க சொன்னா நல்லாருக்குமா?"

இந்த மரியாதைக்கு நான் கொடுத்த விலை இரண்டு கிலோமீட்டர், போக வர.

இனிமேல் சொல்லப்போவது கொஞ்சம் கூச்சமான பகுதி. மேட்டிலிருந்து இறங்கித் திருவந்திபுரம் சாலையைப் பிடித்ததும், "நான் முன்னால போய் எல்லாருக்கும் இளநீர் சொல்லி வைக்கறேன்" என்று விறுவிறுவென்று நடந்தேன். வளைவு திரும்பியதும் ஓர் ஆட்டோவை நிறுத்தினேன். திரும்பிப் பார்த்தேன். யாரும் தெரியவில்லை. ஏறினேன். மலையடிவாரத்தில் இறங்கி, இளநீர்க்காரரிடம் ஐந்து காய் வெட்டச் சொல்லிவிட்டு, வெகு நேரமாகக் காத்திருக்கிறவனின் முகத்தை வரவழைத்துக்கொண்டேன். இருபது நிமிஷம் கழித்து அவர்கள் வந்தார்கள். "மாமா, என்னா ஸ்பீடு!" என்றான் மச்சினன். மனைவி பாராட்டும் விதமாகத் தலையசைத்தாள். சிதம்பர ரகசியம் ஒன்று எங்கள் வீட்டிலும் இருக்கட்டும் என்று இளநீரைக் குடித்தேன்.

அடிவாரத்திலிருந்தே கல்யாணம். திருவந்திபுரத்தில் ஆவணி முகூர்த்தத்தன்று மாப்பிள்ளைகளை எண்ணுவதும் ஒன்று, மார்கழியில் பிச்சாவரத்து நாரைகளை எண்ணுவதும் ஒன்று. படியெங்கும் பட்டு வேஷ்டி, மாலை, கேமரா, தாலி கட்டி முடித்து இறங்குகிறவர்கள், கட்டுவதற்கு ஏறுகிறவர்கள், தொலைந்துபோன மாப்பிள்ளைத் தோழனைத் தேடுகிறவர்கள். இரண்டு நாதஸ்வரங்கள் இரண்டு வேறு ராகத்தில். இந்தக் கூட்டத்துக்கு நடுவே செம்மண் படிந்த பேண்ட்டோடு நான்.

படி ஏற ஷூவைக் கழற்ற வேண்டியிருந்தது. கழற்றுவதற்கு அது காலில் இருந்தால்தானே. கையில் இருந்ததைக் கடையில் வைத்தேன். ஊரிலிருந்தே வெறுங்காலோடு வருகிற பக்தன் என்று எண்ணிப் பூக்கார அம்மாள் ஒரு முழம் துளசி மாலையைக் காசு வாங்காமல் கொடுத்தார். மறுக்க வாய் வரவில்லை. மூச்சு வந்துகொண்டிருந்ததால் வாய் வேறு வேலையில் இருந்தது.

முப்பத்தோராவது படியில் உட்கார்ந்தேன். "வேதாந்த தேசிகர் இந்த மலையிலதான்..." என்று தொடங்கினேன். அவர் இங்கே தவமிருந்து கருடனின் அருளால் ஹயக்ரீவரைக் கண்டார் என்பதும், இந்த ஊரில் நெடுங்காலம் வாழ்ந்தார் என்பதும் சொல்ல வேண்டிய விஷயங்கள்தான். குடும்பம் சேர்ந்திசையாக, "நீங்க உட்காருங்க, போதும்" என்றது. தேசிகர் பாதியில் நின்றார்.

மகளுக்கு இரக்கமோ குறும்போ தெரியவில்லை. எங்கள் ஊர்க் கணக்கு ஒன்றை எடுத்தாள். சிதம்பரத்தில் பொன்னம்பலக் கூரையில் 21,600 பொன் ஓடு. மனிதன் ஒரு நாளைக்கு விடும் மூச்சு 21,600 என்பதால் அப்படி வேய்ந்ததாகச் சொல்வார்கள். மணிக்குத் தொள்ளாயிரம். நிமிஷத்துக்குப் பதினைந்து. அவள் போனில் ஒரு நிமிஷத்தை வைத்து என் மூச்சை எண்ணினாள். நாற்பத்திரண்டு.

"இன்னைக்கு ஓடு தீந்துபோச்சுப்பா" என்றாள். "நாளைக்குக் கூரைலேருந்து எடுத்துட்டிருக்கீங்க."

நாற்பத்துமூன்று படி பாக்கி. மாமியார் அதற்குள் மேலே போய் ஹயக்ரீவரைச் சேவித்துவிட்டு, பேத்தியின் படிப்புக்காக வேண்டிக்கொண்டு, இறங்கி வந்து, என் பக்கத்துப் படியில் உட்கார்ந்து, "மெதுவா வாங்க மாப்ள. சாமி எங்க போயிடப் போவுது?" என்றார். ஏறினேன். சன்னதியில் என்ன வேண்டிக்கொண்டேன் என்று ஞாபகமில்லை. சுவர் குளிர்ச்சியாக இருந்தது நன்றாக ஞாபகமிருக்கிறது.

இறங்கியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. புளிசாதம் இந்நேரம் எந்தப் பணிமனையில் இருக்கிறதோ. ஓட்டல்களில் கல்யாணக் கூட்டம் வாசல்வரை வழிந்தது. ஒரு மண்டபத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. மச்சினன் என்னைப் பார்த்தான். நான் மண்டபத்தைப் பார்த்தேன். உள்ளே போய், குடும்பத்தோடு வரிசையாக உட்கார்ந்தேன். இதை முடிவு செய்தவன் நான். சொன்னவனும் நான். மனைவி முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

இலையில் உப்பு வைத்த அம்மாள் கேட்டார்: "நீங்க யாரு வூடு?"

"மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தம்" என்றேன், வராத கம்பீரத்தோடு.

மாமியார் அதே மூச்சில், "சொந்தமெல்லாம் இல்லம்மா. கடக்கரையிலேருந்து நடந்து வந்தோம். கட்டுச் சோத்த இவரு பஸ்ஸுல உட்டுட்டாரு" என்றார்.

அந்த அம்மாள் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி, "இந்த வரிசைக்கு இன்னும் ரெண்டு வட எடுத்தாங்க!" என்று குரல் கொடுத்தார். பாயசம் இரண்டு தடவை வந்தது. பெண்ணின் அப்பாவே வந்து, "கூச்சப்படாம சாப்பிடுங்க" என்றார். கூச்சம் எனக்கு அதற்குப் பிறகுதான் வந்தது, பாயசம் முடிந்த பிறகு.

சாப்பிட்டுவிட்டுச் சும்மா போகலாமா என்று மாமியார் சுருக்குப் பையை அவிழ்த்து இருநூற்றொரு ரூபாயை எண்ணி மச்சினனிடம் கொடுத்தார். மொய் எழுதுகிறவர் பேரும் ஊரும் கேட்டார். மச்சினன் என் பெயரைச் சொல்லிவிட்டு, "சிதம்பரம், தெற்கு வீதி டீக்கடை" என்றான்.

நான் அவனைப் பார்த்தேன். அவன் மாமியாரைப் பார்த்தான். மாமியார் தாம்பூலப் பையைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை தோறும் விடியற்காலையில் அவர் கோயிலுக்குப் போவது தெற்கு வீதி வழியாகத்தான் என்பது அப்போதுதான் என் மண்டையில் ஏறியது. எட்டு வருஷம். நானூறு வெள்ளிக்கிழமை.

திரும்பும் பஸ்ஸில் ஆட்டோ விஷயமும் தெரிந்தது. என்னை இறக்கிவிட்டு வந்த அதே ஆட்டோக்காரர் இவர்களிடம் வண்டியை நிறுத்தி, "ஏறுங்க, இப்பதான் ஒரு சாரை மலையடியில உட்டுட்டு வரேன். நீலச் சட்டை, கையில ஷூ, பாவம்" என்றிருக்கிறார். யாரும் ஏறவில்லை. மாமியார்தான், "மாப்ளகிட்ட கேக்காதீங்க, சங்கடப்படுவாரு" என்று எல்லோரையும் அடக்கி வைத்தாராம். "அத்தை முடியலன்னா ஆட்டோ" என்று நான் சொன்னதை அவர் நினைவூட்டவில்லை. நினைவூட்டியிருந்தால் தேவலை.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று திருவந்திபுரத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த அந்தக் குடும்பம் இதைப் படிக்க நேர்ந்தால், உங்கள் மொய் நோட்டில் ஊர் என்ற இடத்தில் ஒரு டீக்கடையும், தொகையில் 201-ம் இருக்கும். அது நான்தான். அடுத்த விசேஷத்துக்கு அந்த விலாசத்துக்கே பத்திரிகை அனுப்புங்கள், காலை ஆறு மணிக்கு அங்கேதான் இருப்பேன். வந்துவிடுகிறேன், பஸ்ஸில்.